உறைந்த ஏரிக்கு ஒரு வாரண்ட்

காபி கொதிக்கிறது, ஆபீசர், ஊதிக் குடியுங்கள். இந்த மாவட்டத்துக்கே நான் ஒருவன்தான் நீதிபதி. ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நானே காபி போடுவேன். எளிமை என் பலவீனம்.

பிப்ரவரித் தொடக்கத்தில் துணை ஷெரிஃப் டோர்விக் என் அறைக்கு வந்தான். உள்ளூர்க்காரர் ரோல்ஃபைக் காணவில்லை. ஏரிப் பனிக்கட்டியின்மேல் என் மைத்துனன் லெராய் போட்டிருந்த மீன்பிடிக் குடிலுக்குள் ரோல்ஃப் முந்தின நாள் நுழைந்ததை, தூண்டில் புழு விற்கும் டார்லீன் பார்த்திருக்கிறாள். குடிலைச் சோதிக்க வாரண்ட் வேண்டும்.

"ஒரு கையெழுத்துதாங்க ஐயா. ரோல்ஃப் சம்சாரம் ஸ்டேஷன விட்டு நகர மாட்டேங்குது."

மைத்துனன் குடில் என்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை; இந்த ஊரில் எல்லாரும் யாருக்காவது மைத்துனன்தான். ஆனால் மனுவில் 'பச்சைக் குடில்' என்று மொட்டையாக எழுதியிருந்தான்.

"எந்தப் பச்சைப்பா? பட்டாணியா, பாசியா?"

"ஏரி மேல பச்சைன்னா அது ஒண்ணுதாங்க இருக்கு."

"சட்டத்துக்கு அது தெரியுமா?"

அடுத்த முறை, கதவு எந்தத் திசை என்று கேட்டுத் திருப்பியனுப்பினேன். அப்புறம் நீதிபதிகள் மாநாடு. 'குடிமகனின் கதவும் அரசின் கையும்' என்று பேசினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். திரும்பினால் மார்ச். பனி இளகுமுன் குடில்களை அகற்றும் கெடு வந்து, லெராயும் இழுத்துக்கொண்டு போயிருந்தான்.

டோர்விக் பாசிப்பச்சை, வடக்குக் கதவு எல்லாம் எழுதி வந்தான்.

"தகவல் பழசாயிடுச்சேப்பா. போன மாசம் பார்த்தது இன்னமும் அங்கேயே இருக்கும்னு எப்படி நம்புறது? குடிலே இல்லையே."

"ஏரி இருக்குங்களே ஐயா. அதுவும் பழசாயிடுச்சா?"

பையனுக்கு வாய் அதிகம். மறுப்பு ஆணையை விரிவாகவே எழுதினேன். படித்துப் பாருங்கள், நடை நன்றாக வந்திருக்கிறது.

மே மாதம் ரோல்ஃப் தானாகவே மிதந்து வந்துவிட்டார், முதுகில் என் ஈட்டியோடு. ஈட்டியால் மீன் குத்துவதற்குக் குடிலுக்குள் பனிக்கட்டியில் வெட்டும் துளை, ஆளே இறங்கும் அகலம். டார்லீன் பார்த்த அன்று லெராய் ஊரில் இல்லை. குடிலில் இருந்தது நான்.

நீதிமன்றச் சுவரில் நான் பிடித்த ராட்சத மீன் மாட்டியிருக்கிறதே, அது கடையில் வாங்கியது என்று ரோல்ஃபுக்குத் தெரிந்துவிட்டது. "சனிக்கிழமை விருந்துல சொல்லப்போறேன் ஜட்ஜு. ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும்," என்றார், துளைக்குள் குனிந்து பார்த்தபடி. நீதிமன்றத்தின் மாண்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

வாரண்ட் மனுவை வேறு நீதிபதியிடம் அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. ஆனால் பக்கத்து மாவட்டத்துக்காரர் ரொம்ப மெதுவானவர். அவரிடம் போயிருந்தால் தகவல் பழசாகிப் போயிருக்கும்.