நிலாவுக்குத் தெரியாத நாள்

எங்கள் வீட்டில் காலண்டர் தாள் கிழிப்பது சின்ன வயதிலிருந்தே என் வேலை. தங்கை பனிமலர் கையில் விட்டால் ஒரே நாளில் நாலு தாளைக் கிழித்துக் கப்பல் செய்துவிடுவாள். அதனால் அப்பா அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். ஒரு நாள்கூட நான் முன்னே பின்னே கிழித்ததில்லை. நான் ஒழுங்கான ஆள் என்பது உங்களுக்குத் தெரிந்தால் மற்றதைச் சொல்வது எளிது, சார்.

நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதிது என்றார்கள். என் பெயர் லாசர். திரேஸ்புரத்தில் வீடு. துறைமுகத்தில் ஓர் ஏஜென்சியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்கிறேன். போன வருடம் வரை சனிக்கிழமைகளில் கடலுக்கும் போனேன். பனிமலரின் புருஷன் கஸ்பார் சங்கு குளிக்கிறவன். அவனுக்குக் கயிறு பிடிப்பது நான். முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலியைத் தானே அறுக்க எந்த அண்ணனுக்கும் மனசு வராது என்று பெரியவர்கள் போட்ட கணக்கு அது. நல்ல கணக்குத்தான்.

இனி ஏழ்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நான் உண்டாக்கிய உலகம். பதினாறு வருடமாகப் பதினொரு நீள நோட்டு எழுதியிருக்கிறேன். செல்போனில் கதை படிக்கிற ஓர் ஆப்பில் வாராவாரம் போடுகிறேன். நாலாயிரம் பேர் வாசிக்கிறார்கள். அந்த உலகத்தில் ஏழு கரை, பல சண்டை எல்லாம் உண்டு, ஆனால் எனக்குப் பெருமை அதன் நாட்காட்டியில்தான். பதின்மூன்று மாதம், மாதத்துக்கு இருபத்தெட்டு நாள். ஒவ்வொரு மாதமும் முழுநிலாவில் பிறக்கும், கடல் பொங்கி நிற்கும், கப்பல்கள் கிளம்பும். பெருக்கிப் பார்த்தால் முந்நூற்று அறுபத்து நாலு. வருடத்தில் ஒரு நாள் மிஞ்சும். அதற்கு ஒழிநாள் என்று பெயர் வைத்தேன்.

ஒழிநாள் எந்த மாதத்திலும் சேராது. அன்று கொடுத்த வாக்கு செல்லாது. அன்று நடந்த காரியத்துக்குச் செய்தவன் என்று யாரும் கிடையாது. ஏழ்திரையின் முதல் அரசன் சேந்தன் தன் அண்ணனைக் கடலில் தள்ளியது ஓர் ஒழிநாளில். ஆகவே அவன் கொலைகாரன் இல்லை. அவன் வம்சம் முந்நூறு வருடமாக ஆள்வதற்கு அந்த ஒரு நாள்தான் ஆதாரம்.

கஸ்பார் எட்டாவது வரை படித்தவன். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் கேட்கிறவன் அவன்தான். தண்ணீர் தெளியக் காத்திருக்கும்போது வள்ளத்தில் வாசித்துக் காட்டுவேன். கச்சான், கொண்டல், வாடை, கலங்கல் என்று மாதங்களுக்குப் பெயர் சொன்னதும் அவன்தான். எனக்கு அவனைப் பிடிக்கும். இதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

ஒரு சனிக்கிழமை வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டான்.

“மச்சான், அங்கன நிலா ஒரு சுத்து வர இருபத்தெட்டு நாளுதான?”

“ஆமா மாப்பிள.”

“அப்ப ஒழிநாளு அன்னைக்கு அது என்ன செய்யும்?”

நான் நோட்டைப் புரட்டினேன்.

“நிலாவுக்கு ஒழிநாளு தெரியாதுல்லா. தண்ணி அன்னைக்கும் ஏறும், எறங்கும். வருசத்துக்கு ஒரு நாளு தள்ளிக்கிட்டே போவும். ஏழாம் வருசம் ஒங்க ராசா கப்பல் கெளப்புத அன்னைக்குத் தண்ணி செத்துக் கெடக்கும். அப்படி ஒரு நாளு இருக்கவே முடியாது மச்சான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அதை அவனே ஆப்பில் எழுதப் போவதாகவும் சொன்னான். “நாளைக்குப் பூச முடிஞ்சதும் போட்டுருதேன். படிக்கிதவங்க சந்தோசப்படுவாவ.”

நான் பயந்துபோனேன். அதை மறைக்க வேண்டியதில்லை. அவன் அதை எழுதினால் சேந்தன் கொலைகாரன் ஆகிவிடுவான். பதினாறு வருடம் வளர்த்த ஒருவனை அப்படி நடுத்தெருவில் விட முடியுமா? மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன், கணக்கைச் சரிபார்த்து நானே எழுதுவதாக. “ஒங்க நாடு, ஒங்க இஷ்டம்” என்று அவனும் விட்டுவிட்டான்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமையில் ஒழிநாள் வந்தது. நம் தேதியோடு சேர்த்து ஏழ்திரைத் தேதியையும் நான் எழுதி வருகிறேன். அப்படி அமைந்தது.

அன்று வள்ளத்தில் நாங்கள் இருவர் மட்டும். கஸ்பார் எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பதடி ஆழத்தில் இறங்கினான். மேலே கம்பிரசர் ஓடும், அதிலிருந்து குழாய் வழியாக அவனுக்குக் காற்று போகும். காற்றை உறிஞ்சும் வாயை எஞ்சின் புகை படாத பக்கம் வைத்திருக்க வேண்டும். கயிறு பிடிக்கிறவனுக்கு அது ஒரு வேலை. மற்றொன்று கயிற்றுக்குப் பதில் சொல்வது. கீழிருந்து ஒரு தரம் இழுத்தால் கயிறு விட வேண்டும். இரண்டு தரம் இழுத்தால் ஆளைத் தூக்க வேண்டும்.

பத்து மணிக்கு மேல் காற்று திரும்பிப் புகை அந்த வாயில் அடித்தது, நான் கவனிக்கவில்லை என்று போன வருடம் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு முன்னால் இருந்தவர் அதிகம் கேட்கவில்லை. “மச்சான் பிடிச்ச கயிறு, இதுல என்னத்த விசாரிக்க” என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார். அந்த வாக்குமூலத்தில் சில திருத்தங்கள் உண்டு.

நான் கவனித்தேன். இரண்டு இழுப்பு வந்தது. கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு, முன்னைவிட மெதுவாக. பிறகு ஒன்று. ஒன்று என்றால் கயிறு விட வேண்டும். விட்டேன்.

காற்றும் திரும்பவில்லை. அன்று முழுக்க ஒரே கச்சான் காற்றுதான். காற்றை உறிஞ்சும் வாயைப் புகைப் பக்கம் திருப்பி வைத்தது நான். மூன்று வாரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். கணக்கைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒழிநாள் வருவதற்கு மூன்று வாரம் இருந்தது.

கரைக்குக் கொண்டுவந்தபோது பனிமலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஒடம்பாவது ஒன் கையால வந்துச்சே அண்ணே” என்றாள். எனக்கும் அழுகை வந்தது. அது நிஜமான அழுகை.

இப்போது ஏன் வந்தேன் என்றால், இந்த வருடமும் ஒழிநாள் வந்தது. காலையிலிருந்து கடற்கரையில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் ஏறியது, இறங்கியது. வீட்டுக்கு வந்து கணக்கை முழுதாகப் போட்டேன். கஸ்பார் சொன்னது சரி. அந்த நாளை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு நாட்காட்டி அவ்வளவு அழகாக நிற்கிறது. சேந்தனை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. போன வருடத்துச் சனிக்கிழமையும் இப்போது கொண்டல் மாதம் முதல் தேதி ஆகிவிட்டது. மாதத்துக்குள் நடந்த காரியத்துக்குச் செய்தவன் உண்டு. சட்டம் எழுதியவனே அதை மீறினால் நாலாயிரம் பேர் என்ன நினைப்பார்கள்? அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: கஸ்பாரைக் கொன்றது நான்.

பனிமலரிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். நான் முக்கியமானதைச் சொல்வதற்குள் போட்டுவிட்டாள். ஏழ்திரையின் பதின்மூன்றாம் மாதத்துக்கு இனிமேல் கஸ்பார் என்று பெயர். வருடத்துக்கு இருபத்தெட்டு நாள் அவன் பெயரில்தான் விடியும். வாசகர்களுக்கெல்லாம் பிடித்திருக்கிறது. நான் அவளுக்கு வேறு என்ன குறை வைத்தேன் என்று நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கள், சார்.