தனி கார்டு

படம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர், பெயர்கள் ஓடும்போதுதான் இருட்டில் தங்கள் இருக்கையைத் தேடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை சார். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், யார் பெயருக்குப் பின் யார் பெயர், எது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்துவது என் வேலை.

முதலில் கம்பெனி பெயர், பிறகு கதாநாயகன், கடைசியில் இயக்குநர். பெரிய ஆட்களுக்குத் தனி கார்டு, அதாவது திரையில் அவர் பெயர் மட்டும். மற்றவர்களை ஒரே கார்டில் கும்பலாக அடைத்துவிடுவோம். நேரத்துக்கு நான் கடிகாரம் பார்ப்பதில்லை. பெயரை நிதானமாக இரண்டு தடவை வாய்க்குள் வாசிப்பேன், அதுதான் கணக்கு.

என் அண்ணன் ஒளிப்பதிவாளர். என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். நான் நன்றி மறக்கிறவன் இல்லை. என் முதல் படத்தில், எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "நம்ம பயதான், இவன் பேரை எங்கயாவது ஒரு மூலையில சொருகிடுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இன்றுவரை அந்த மூலையில்தான் இருக்கிறேன். பேச்சுவாக்கில் சொல்கிறேன், வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தப் படம் முடியும் சமயத்தில் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துப் படுக்கவைத்தோம். "எதுக்கும் அஞ்சலி கார்டு ஒண்ணு ரெடி பண்ணி வெச்சிடுப்பா" என்றார் தயாரிப்பாளர். இறந்தவர் பெயரை எல்லாருக்கும் முன்னால், கம்பெனி பெயருக்கும் முன்னால் போடுவது எங்கள் வழக்கம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, சத்தமே கிடையாது. நான் செய்ததிலேயே அழகான கார்டு அது. அதைச் சேர்த்தே படத்தின் பிரதியைத் தியேட்டர்களுக்கு அனுப்பிவிட்டேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் அண்ணி போன் செய்தார். "தம்பி, உங்க அண்ணன் எழுந்து உக்காந்துட்டாரு. பசிக்குதுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாருப்பா." அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவர் குரல்.

தயாரிப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரதியை மாற்றியிருப்பார்கள். யோசித்துப் பார்த்தேன். மாற்றினால் அண்ணன் பெயர் பழைய இடத்துக்கே போய்விடும். கதாநாயகனின் கார் வளைவில் திரும்புகிற இடம் அது, அங்கே எந்தப் பெயரும் எடுபடாது. அதற்காக இப்படியொரு கார்டைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் பார்க்கப் போனேன். அண்ணி எனக்குக் காபி போட உள்ளே போனார்.

"படத்துல என் பேரு எங்கடா வருது?" என்றார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணன்.

"எல்லாருக்கும் முன்னாடிண்ணா. ஹீரோவுக்கும் முன்னாடி. தனியா."

"போடா, கதை விடாதே." ஆனால் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ என்னை மறக்கலடா."

பிடித்த கையை விடாமலேயே, இன்னொரு கையால் சிலிண்டரின் திருகை மூடினேன். அவருக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆனது. அண்ணியைக் கூப்பிட மூச்சில்லை, என் விரல்களை மட்டும் நெரித்தார். நான் அவர் பெயரை நிதானமாக வாய்க்குள் வாசித்தேன். இரண்டு தடவை போதவில்லை. பெரிய பெயர்களுக்குக் கூடுதலாக நேரம் கொடுப்பதுதான் மரியாதை என்பதால் வாசித்துக்கொண்டே இருந்தேன். பிடி தளர்ந்ததும் திருகைத் திறந்துவிட்டு அண்ணியைக் குரல் கொடுத்து அழைத்தேன். பாவம், காபி டம்ளரோடு ஓடிவந்தார்.

பிரதி போன நாளையும் அவர் செத்த நாளையும் ஒப்பிட்டுப் பிடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்தான் நீங்கள்.

அண்ணன்மேல் பொறாமையா என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். துளியும் கிடையாது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளை பத்திரிகைக்காரர்களிடம் பேசும்போது, 'பிரபல ஒளிப்பதிவாளரின் தம்பி' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் என் பெயரைச் சொல்லுங்கள், தனியாக. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.