கிழங்கு பெய்யும் வாசல்

இல்ல தம்பி, கதவு பூட்டியெல்லாம் இல்ல. நீங்க பெட்டியத் தூக்கிட்டு உள்ள வந்தீங்கல்ல? நீங்க டாக்சிக்காரர், உங்களுக்குப் பாட்டு வேணாம். வெளிய நிக்கிறாளே, அவ இந்த வீட்டுப் பொண்ணு. வாசல்ல நின்னு பாடணும், உள்ளேருந்து பதில் பாட்டு வரணும், அப்புறந்தான் கால வைக்கலாம். ஹவாயில பொறந்துட்டு இது தெரியாதா? ஓ, ஹோனோலுலு டவுனா. சரி சரி.

நனையட்டுமே, எங்க புனாப் பக்கத்து மழை அவளுக்கென்ன புதுசா? என் தங்கச்சிதான், நோஹெலானி. எரிமலைச் சாமி பெலே இருக்காளே, தன் தங்கச்சிய ஒரு வேலையா அனுப்பிட்டு, வர லேட்டாயிடுச்சுன்னு அந்தத் தங்கச்சி ஆசையா வச்சிருந்த காட்டையே கொளுத்துனவ. நான் மழையிலதான நிக்க வச்சிருக்கேன்.

கேளுங்க, எவ்ளோ சுத்தமாப் பாடுறா. ஒரு எழுத்து பிசகல. அதான் எனக்குப் பிடிக்கல. இது எங்கம்மா சொல்லிக்குடுத்த பாட்டு. நம்ம ஹவாய் பாஷையில உவான்னா மழை. மழை பெய்யுது, குளிருது, உள்ள கூப்பிடுங்கன்னு வரும். அம்மா வாயில மட்டும் அது உவாலான்னு வரும். ஆமா, சர்க்கரைவள்ளிக் கிழங்கேதான். கிழங்கு பெய்யுது, குளிருது, உள்ள கூப்பிடுங்க. பாட்டுல ஒரு சொல்லு மாறினாலும் ஆகாதுன்னு வாத்தியாருங்க தலையில அடிச்சுக்குவாங்க. அம்மா கேட்டாத்தான? பசியோட வர்றவங்களுக்குக் கிழங்கு பெஞ்சா நல்லதுதானம்பா. இவ உங்க ஹோனோலுலுவுல படிச்சுட்டு வந்து அதத் திருத்திட்டா.

பொறுங்க, மறுபடி ஆரம்பிக்கிறா.

கேட்டீங்களா? உவாலா! கெழங்கப் பெய்ய விட்டுட்டா கழுத. சிரிப்ப அடக்கிக்கிட்டுப் பாடுறா பாருங்க.

இப்பவாவது கூப்பிடலாமேன்றீங்களா? கூப்பிடணும். கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன். பதில் பாட்டு தெரியாம இல்ல தம்பி, சின்னதுலேருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். ஆனா உள்ளேருந்து பாடுறது வீட்டுக்குப் பெரியவ. போன மாசம் வரைக்கும் அது அம்மா. அடக்கத்தன்னிக்கு எரிமலைப் புகையில ப்ளேன் ஓடல, இவளால வர முடியல. அதுக்கப்புறம் இந்த வாசல்ல யாரும் பாடல, நானும் வாயத் தொறக்கல. தொறந்துட்டா, அம்மா இல்லன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்ல? அதான் உங்களப் பிடிச்சு வச்சுப் பேசிக்கிட்டே இருக்கேன்.

சரி, அந்தப் பெட்டிய நகர்த்துங்க. குரல் உடைஞ்சா சிரிக்கக் கூடாது. பதில்லயும் மழைன்னு ஒரு எடம் வரும். நானும் கிழங்குன்னுதான் பாடப் போறேன்.