இருபது அடிக்கு ஒரு குரல்

மாலை ஐந்தே கால் மணி. மலையடிவாரச் சாலையில் கடைசி பஸ் ஆறு நாற்பதுக்கு. சாலைக்கு வெகு மேலே, ஓரடி அகலப் பாதையில் இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் பாறை. வலப்பக்கம்... ஒன்றுமே இல்லை. எட்டிப் பார்த்தால் மரங்களின் உச்சி தெரியும், அவ்வளவுதான்.

முன்னால் போனவன் என் அண்ணியின் தம்பி. வெளிநாட்டில் மேற்படிப்பு, இரண்டாம் வருஷம். அவன் உயரத்துக்கும் ஒல்லிக்கும் எங்கள் வீட்டில் ஒட்டடைக்குச்சி என்றுதான் பெயர். பின்னால் வந்தவர் அவனுடைய அறைத்தோழர். ஏழு வருஷம் வேலை பார்த்து, முன்மண்டை வழுக்கையான பிறகு படிக்க வந்தவர். அதனால் கூட இருந்த பசங்களுக்கெல்லாம் அவர் சித்தப்பா. சனிக்கிழமை வந்தால் போதும், இரண்டு பேரும் பையை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

“ஆரம்பிச்சாச்சுடி. நாத்தனாரோட ஓரகத்தியோட பையனுக்கு நடந்த கதை,” என்று கதை கேட்டுக்கொண்டிருந்த வங்கிக்காரி சிரித்தாள்.

“சிரிக்கிறவ எழுந்து உன் ரூமுக்குப் போ. இருட்டுல தனியா போ, பாப்போம்,” என்றேன்.

போகவில்லை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. விடுதியின் ஆறு பெண்களும் என் ஒரு கட்டிலில்தான் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். காதில் விழுந்த கதையைச் சொல்கிறவள் இல்லை நான். அந்தப் பையனின் கைக்கு ஆறு வாரம் வைத்தியம் பார்த்தவள். நான் பிசியோதெரபிஸ்ட் என்பது கழுத்து பிடித்துக்கொண்டால் மட்டும்தானே இவளுகளுக்கு ஞாபகம் வரும்.

சரி. மேகம் இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இருபது அடிக்கு ஒருமுறை முன்னால் போகிறவன் குரல் கொடுப்பான். பின்னால் வருகிறவர் பதில் சொல்வார்.

“சித்தப்பா, வரீங்களா?”

“வரேன்டா.”

இருபது அடி.

“வரீங்களா?”

“வரேன்டா.”

இப்படியே பத்துப் பதினைந்து தடவை. நடுவில் ஒரு கல் உருளும் சத்தம். டொக்... டொக்... கீழே விழவில்லை. மேலே இருந்து, அவர்கள் வந்த பாதையிலேயே, படி இறங்குவது போல நிதானமாக உருண்டு வந்தது. கூடவே ஒரு வாசனை. பல் பிடுங்கிய அன்று வாயெல்லாம் இருக்குமே, அந்த ரத்த வாசனை.

“சித்தப்பா, வரீங்களா?”

“வரோம்டா.”

கவனித்தீர்களா? வரேன் இல்லை. வரோம்.

அவன் கவனித்தான். ஆனால் பயப்படவில்லை. இவன் எப்போதும் அவரைக் கிண்டலாக ‘வாங்க போங்க’ என்றுதானே கூப்பிடுவான். மரியாதை கொடுத்ததற்குப் பெரிய மனுஷன் மாதிரி பன்மையிலேயே பதில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான். நம்ம ஆட்களுக்கு இது ஒரு விளையாட்டு. வேறு எந்த ஊர்ப் பையனாக இருந்தாலும் அந்த ஒரு எழுத்துக்கு நின்று திரும்பிப் பார்த்திருப்பான். இந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? வாசலில் நின்று விருந்தாளியைக் கூப்பிடுவது போல,

“குடும்பத்தோடயா? வாங்க வாங்க, எல்லாரும் வாங்க!” என்றான்.

பின்னால் சத்தம் இல்லை. இருபது அடி. மறுபடி கேட்டான்.

“வரோம்டா.”

அதே குரல். ஆனால் இந்தத் தடவை பிடரிக்குப் பக்கத்தில்... காதில் மூச்சுப் படும் தூரத்தில்.

திரும்பினான். மேகம் சற்று விலகியிருந்தது. பின்னால் ஒட்டினாற்போல் யாரும் இல்லை. சித்தப்பா பத்தடி தள்ளி, பாதையில் மண்டிபோட்டிருந்தார். வாய் மூடியிருந்தது. பின்னந்தலையில் மிச்சமிருந்த முடி, யாரோ கொத்தாகப் பிடித்திருப்பது போல நட்டுக்கொண்டு நின்றது. பிடித்திருந்த கை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தத் தலை பின்னுக்குப் போனது. முன்னால் வந்து முகம் பாறையில் இடித்தது.

நத்.

மறுபடி பின்னுக்குப் போனது. நத். மூக்கு உடைந்தது. நத். பல் தெறித்து இவன் சட்டையில் பட்டது. அவர் கத்தவே இல்லை, கத்த விட்டால்தானே. இவன் ஓடிப்போய் அவர் வலது கையைப் பிடித்தான். அவரும் பிடித்துக்கொண்டார். உடைந்த வாயால் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“விடாதடா.”

அதற்குள் அவர் கால்களைப் பிடித்து எதுவோ சரிவுப் பக்கம் இழுத்தது. இடுப்பு வரை அந்தரத்தில் தொங்கினார். இவன் குப்புற விழுந்து பிடித்தான். முதுகில் உதை. ஒரு கால் இல்லை... நாலைந்து கால்கள், மாற்றி மாற்றி. விலா எலும்பு இரண்டு முறிந்தது, எக்ஸ்ரேயை நானே பார்த்தேன். இடது கையில் இருந்த மலையேறும் தடியால் காற்றில் கண்மண் தெரியாமல் அடித்தான். தடி சதையில் பட்டது. ஒரு பெண் முனகினாள். ஒரு குழந்தை அழுதது. யாரும் தெரியவில்லை. வலது தோள் டக்கென்று கழன்றுகொண்டது. அப்படியும் பிடித்திருந்தான்.

அப்போது கீழே இருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. தெளிவாக, சிரித்த மாதிரி.

“போதும் விடுடா. நாங்க போறோம்.”

பேசியது அவர் வாய் இல்லை. அந்த வாயில் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர் கண் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று தலை ஆடியது. விரல்கள் இவன் கையை இறுக்கிக்கொண்டே இருந்தன. எல்லாம் தெரிந்தும், இவன் தடியைப் போட்டுவிட்டு இடது கையால்... அவர் விரல்களைப் பிரித்தான். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். ஒவ்வொன்றாக.

“ஐயோ பாவி!” என்றாள் கணக்கு டீச்சர்.

“நீயா இருந்தா பிடிச்சிருப்பியா? சும்மா வாயக் கொடுக்காத,” என்றேன்.

நானும் யோசித்திருக்கிறேன். நான் மட்டும் பிடித்திருப்பேனா என்ன.

இரண்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. கால் வழுக்கி விழுந்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. இவன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தோளில் கட்டோடு ஊருக்கு வந்தான். அதுவரை வலது கை நன்றாகத்தான் இருந்தது. விரல் மடங்கியது, நீண்டது, போனைக்கூட அந்தக் கையால்தான் பிடித்தான்.

ஒரு நாள் சித்தப்பாவின் அம்மா அண்ணி வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அழவில்லை. இவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எம் பிள்ளைய நீதான் கடைசியா பிடிச்சிருந்தேன்னு சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுப்பா. நீயா விட்டியா?”

“இல்லம்மா. கடைசி வரைக்கும் நான் விடல.”

அந்த அம்மா அவன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, “நீ நல்லா இருப்ப சாமி,” என்று சொல்லிப் போனார். அவர் செருப்பு மாட்டுவதற்குள் இவன் வலது கை மூடிக்கொண்டது. ஒவ்வொரு விரலாக மடங்கியதைப் பக்கத்தில் நின்ற அண்ணி பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு சோதனை செய்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, மனசுதான் காரணம் என்று எழுதி என்னிடம் அனுப்பினார்கள். தோளை நான் சரிசெய்துவிட்டேன். கை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. நகம் வளர்ந்து உள்ளங்கையைக் கிழித்தது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தால் அவன் வீரிட்டுக் கத்துவான்.

அவனுக்கு என்ன கோளாறு என்று எனக்கு அப்போதே தெரியும். மலையில் நடந்ததை மூன்றாவது வாரம் என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

“அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டு உண்மையச் சொல்லிடுடா,” என்றேன்.

“ஒரே பிள்ளைக்கா அவங்களுக்கு. நான் விடலங்கறதுலதான் அவங்க உயிர் ஓடிட்டிருக்கு. எப்படிக்கா சொல்லுவேன்?”

அவன் மணிக்கட்டை மறுபடி நீவ ஆரம்பித்தேன்.

எங்கள் சிகிச்சை அறையில் ஒரு மெழுகுத் தொட்டி உண்டு. உருகிய வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி எடுத்தால் உறை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஏழெட்டுத் தடவை முக்கி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, துண்டைப் போர்த்தி இருபது நிமிஷம் விட்டால் மூட்டு இளகும். அப்புறம் மெழுகை உரித்துவிடுவோம். தினமும் பத்துப் பேருக்குச் செய்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

ஆறாவது வாரம் அவனுக்கும் செய்தேன். பட்டப்பகல். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் முழங்காலுக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்தார். நேரம் ஆனது. துண்டை எடுத்தேன். தாளைப் பிரித்தேன். மெழுகு ரொம்பத் தடிமனாக, கோணல்மாணலாக இருந்தது. சரியாக முக்கவில்லை போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டு, மணிக்கட்டு ஓரத்தில் நகம் போட்டு நெம்பி மெல்ல உருவினேன். உடையாமல் முழுசாக வந்தது.

அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

கட்டை விரல் இரண்டு இருந்தது.

ஒன்று அவனுடைய மூடிய கையின் அச்சு. அதன் மேல், குறுக்கே, இன்னொரு கை இறுகப் பற்றியிருந்தது... தடித்த விரல்கள், புடைத்த கணுக்கள், பாறையில் பிய்ந்த நகங்கள் எல்லாம் அப்படியே மெழுகில் விழுந்திருந்தன. அது என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து நசுங்கியது.

அவன் திடுக்கிடவே இல்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் ஓடியது.

“நான் அன்னிக்கே விட்டுட்டேன்க்கா,” என்றான். “அவர்தான் இன்னும் விடல.”