தேவதாஸின் நிச்சயதார்த்த சீடி

கம்ப்யூட்டர் ரிப்பேரில் முக்கால்வாசி வேலை தூசி தட்டுவதுதான், கோகிலா. மிச்சம், எல்லாம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது. இரண்டிலும் நம்ம காஜா பெராங் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. தொலைபேசி இலாகாவில் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவன் நான். மலாக்காவில் பாதிக் கல்யாணங்கள் என் கம்பி வழியாகப் பேசி முடிந்தவைதான். பக்கத்து வீட்டில் இப்படி ஒரு ஆள் இருக்கும்போது உன் அம்மா வேறு யாரிடம் போவாள்?

மெர்டேக்கா சுதந்திர தினத்தின் ஐம்பதாம் வருஷத்துக்குத் தெருவெல்லாம் கொடி கட்டியிருந்த மாசம் அது. “சேது அண்ணே, தேவாவோட கம்ப்யூட்டர்ல சீடி ஓட மாட்டேங்குது. வந்து பாருங்க லா” என்றாள்.

குருபோங் சாலையில் லாரி மோதி உன் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் நிச்சயதார்த்தப் படம் அந்த ஒரு சீடியில்தான் இருந்தது. சுவரில் போட்டோ இருக்கிறதே என்றேன்.

“அதுல சும்மா நிக்கிறான் அண்ணே. எனக்கு அவன் நடக்கணும், சிரிக்கணும்.”

சர்க்கரை அவள் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. தீபாவளி வரை பார்வை தாங்கினாலே பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

கோளாறு அற்பம். டிரைவின் தட்டு வெளியே வந்தது, விளக்கும் எரிந்தது. ஆனால் திரையில் டிரைவின் பெயரே இல்லை. பெட்டியைத் திறந்தால், பின்னால் சாம்பல் நிறப் பட்டை ஒயர் தளர்ந்து கிடந்தது. அழுத்தினேன். பெயர் வந்தது, சீடியும் ஓடியது. தேவதாஸ் பட்டு வேட்டியில் நடந்து வந்தான். உன் அம்மா அப்போது அடுப்படியில் எனக்கு உருளைக்கிழங்கு வைத்த கறிபாப் பொரித்துக்கொண்டிருந்தாள்; எண்ணெய் இரைச்சலில் சீடிச் சத்தம் அவள் காதுக்கு எட்டவில்லை.

என் வீட்டுக்காரி பூங்காவனம் போன பிறகு எனக்கென்று யாரும் எண்ணெய்ச் சட்டி ஏற்றியதில்லை. அந்த வாசனை புக்கிட் பாரு வரைக்கும் போயிருக்கும். அவள் தட்டோடு வருவதற்குள் ஒயரை மறுபடி உருவிவிட்டேன்.

“ஆச்சா அண்ணே?”

“பெரிய சீக்கு, சந்திரமதி. மெதுவாத்தான் பார்க்கணும்.”

தினமும் மத்தியானம் போனேன். அந்த டிரைவ் ஜப்பானில் பிறந்தது, நம்ம வெயிலுக்குக் கோபித்துக்கொள்கிறது என்றேன். உலகத்திலேயே மூன்று பேருக்குத்தான் இந்த வேலை தெரியும், இரண்டு பேர் செத்துவிட்டார்கள் என்றேன். “ரிப்பேர் பண்றீங்களா, பிரசவம் பார்க்குறீங்களா?” என்று சிரித்தாள். மகன் செத்த வீட்டில் அந்தச் சிரிப்பை யார் கொண்டுவந்தது என்று யோசித்துப் பார்.

ஒருநாள் சீடியைக் கடைக்கு எடுத்துப்போகிறேன் என்றாள். “இந்த மிஷினுக்குப் பழகிப்போன சீடி. வேற எதுல போட்டாலும் அழிஞ்சிரும்” என்றேன். பயந்துபோய் அதைச் சாமி அறையில் வைத்துவிட்டாள். நீயும் ஜொகூரிலிருந்து போனில் விசாரித்தாய். சேது மாமா பார்த்துக்கொள்கிறார் என்றதும் விட்டுவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை.

முதலில் கறிபாப்பின் ஓரம் கருகியது. அப்புறம் கோப்பைக்கு வெளியே தேநீர் ஊற்றினாள். நான் துடைத்தேன். தீபாவளி கழிந்து, எனக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்து அவள் என்னோடு பேசிய அன்றைக்கு ஒயரைச் செருகினேன்.

“ஓடுதா அண்ணே? எனக்குப் பாட்டு மட்டும்தான் கேக்குது.”

வீடியோக்காரர்கள் வழக்கம் உனக்குத் தெரியும். நிச்சயமோ கல்யாணமோ, ஆட்கள் பேசுவதையெல்லாம் நீக்கிவிட்டு முழுக்க சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள். தேவதாஸின் குரல் அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. கண் போனவளுக்கு அது வெறும் ரேடியோ. முதல் நாளே எனக்கு அது தெரியும்.

அதனால் நானே படத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குத்தான் சொல்லத் தெரியுமே. வந்தது அறுபது பேர். நான் மலாக்காவையே கூட்டிவந்தேன். ஒவ்வொரு நாளும் அவனை இன்னும் கொஞ்சம் சிரிக்க வைத்தேன். நேற்று நீ ஊரிலிருந்து வந்து எங்களோடு உட்கார்ந்ததால் பிடிபட்டேன். “உன் கால்ல விழறான், சந்திரமதி” என்று நான் சொன்னபோது, திரையில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா காற்றில் கையை நீட்டி ஆசீர்வாதம் செய்தாள். நீ அப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்தது நல்லது.

நீ கேட்டது அந்தப் பொய்யை மட்டும்தான். ஒயர் கதையை நானாகத்தான் சொல்கிறேன். உன் அண்ணனைப் பார்க்க அவளுக்கு மூன்று மாசம் இருந்தது. அதில் ஒரு நாளைக்கூட நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கண்ணைப் பறித்தேன் என்று மட்டும் சொல்லாதே, அது சர்க்கரை செய்தது. நான் எடுத்துக்கொண்டது மிச்சமிருந்த நாட்களைத்தான். அவற்றையும் வீணாக்கவில்லை, கோகிலா. எல்லாவற்றையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் கழித்தேன்.