விடுதலைக்குப் பிறகும் எழுபத்தொரு நாள்

தலைமை ஏற்றதோடு என் தாமதத்தையும் பொறுத்துக்கொண்ட அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நான் என்ன உளறப் போகிறேன் என்று காத்திருக்கும் மூத்த வழக்கறிஞர் பெருமக்களே, தம் பிள்ளைக்குப் பால் கொடுத்துப் பிறர் பிள்ளைக்காகவும் கண்ணீர் சிந்தும் தாய்மார்களே, இருக்கை கிடைக்காமல் நின்றாலும் இடத்தை விட்டு நகராத இளைஞர்களே, எல்லோர்க்கும் என் பணிவான வணக்கம்.

இளம் குற்றவாளிகளின் காவலையும் நீதிமன்றக் கண்காணிப்பையும் பற்றித் தெளிவுபடப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டீர்கள். நான் தெளிவாக இல்லை. சிறார் நீதிமன்றத்தில் முப்பத்தொரு ஆண்டு எழுத்தராக இருந்தவன் நான். கட்டிய கோப்பில் கயிறு தளர்ந்ததில்லை. எழுதிய பட்டியலில் எண் பிசகியதில்லை. ஆனாலும் ஒரே ஒரு கேள்வி ஓய்வுபெற்ற பிறகும் என்னை உறங்க விடவில்லை. என்ன தம்பி, ஒலிபெருக்கியை இன்னும் கிட்டே வைக்கவா? வைக்கிறேன். கேட்டுவிட்டு நீங்களும் குழம்பினால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

ஒரு பிள்ளையை எத்தனை நாள் காவலில் வைக்கலாம் என்பதை எங்கள் நீதிமன்றம் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் என்ன? பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதா? முகத்தின் வாட்டத்தைப் பார்ப்பதா? இல்லை ஐயா, பட்டியலைப் பார்ப்பது. பட்டியலை நான் எழுதுவேன், நீதிபதி கையெழுத்திடுவார், ‘பார்க்கப்பட்டது’ என்று நான் முத்திரை குத்துவேன். காகிதம் பார்க்கப்பட்டது, கடமை முடிக்கப்பட்டது, கதவு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

புதிதாக ஒரு நீதிபதி வந்தார், பெண்மணி. பட்டியலை நீட்டினேன். அவர் பேனாவைத் திறக்கவே இல்லை.

“யாரு பார்த்தது?” என்றார்.

“நீங்கதாம்மா.”

“நான் இன்னும் பார்க்கலையே. வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்.”

பெண்பிள்ளைகளுக்கான காவல் இல்லத்துக்குப் போனோம். முற்றத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். பட்டியலில் இருபத்திரண்டு. எண்ணினேன், இருபத்துமூன்று. மறுபடி எண்ணினேன், அதே இருபத்துமூன்று. பதற்றத்தில் என்னையும் சேர்த்து எண்ணிவிட்டேனோ என்று தள்ளி நின்று எண்ணினேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஒரு பிள்ளை குறைந்தால் ஓடிப்போனது என்று எழுதலாம். கூடினால் என்னவென்று எழுதுவது?

வரிசையின் கடைசியில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். கடையில் கைப்பேசி எடுத்தாள் என்று வந்தவள்.

“இவளா? இவளுக்கு விடுதலை உத்தரவு ஆகி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு சார். அம்மா காகிதத்தோட வரட்டும்னு வெச்சிருக்கோம்” என்றார் இல்லக் காப்பாளர்.

எழுபத்தொரு நாள். விடுதலை பெற்ற பிள்ளை விடுதலைக்குப் பிறகும் எழுபத்தொரு நாள் உள்ளே இருந்தாள். எப்படி? உத்தரவு வந்த அன்றே அவள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினேன், ஒழுங்கான வேலை. உத்தரவின் ஒரு நகல் இல்லத்துக்குப் போனது, இன்னொன்று தாய்க்குத் தபாலில் போனது. தாய் தன் நகலைக் காட்டினால்தான் பெண்ணை அனுப்புவது இல்லத்தின் வழக்கம். தாயோ சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர், வாடகை வீடு மாறியிருந்தார். தபால் திரும்பி வந்தது. அதைக் கோப்பில் வைத்து நானே இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

யார் அங்கே, காப்பாளர் தப்பு என்கிறீர்களா? அவர் விதிப்படி நடந்தார். தபால்காரரா? பூட்டிய வீட்டில் அவர் யாரிடம் கொடுப்பார்? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவன் யாரென்றே தெரியவில்லை, அம்பு மட்டும் ஆழமாய்த் தைத்திருக்கிறது.

பொறுங்கள், இன்னும் சொல்லவில்லை. அந்தத் தாய் நீதிமன்றத்தில் என் சாளரத்துக்கு மூன்று முறை வந்தார்.

“சார், எம் பொண்ணை எப்ப விடுவாங்க?”

பட்டியலைப் பார்த்தேன். “பேரே இல்லம்மா. இங்க கேஸ் முடிஞ்சாச்சு. அங்க போய்க் கேளுங்க.”

அங்கே போனால் வாசல் காவலர், “கோர்ட்டு காகிதம் கொண்டு வாங்கம்மா” என்பார். மூன்றாம் முறை அந்தத் தாய் என்னைப் பார்த்து, “அங்க கேட்டா இங்கங்கறாங்க, இங்க கேட்டா அங்கங்கறீங்க. நடுவுல நான் எங்க சார் போறது?” என்றார். பின்னால் வரிசை நிற்கிறது, நகருங்கள் என்றேன். ஆம், இதே வாயால் சொன்னேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நீதிபதி அந்தப் பெண்ணை அருகில் அழைத்தார்.

“ஏம்மா, யார்கிட்டயும் கேட்கலையா?”

“கேட்டேன் மேடம். அம்மா காகிதம் கொண்டு வந்தா போலாம்னாங்க. அம்மா பார்க்க வந்துச்சு, காகிதம் மட்டும் கொண்டு வரலை. எம்மேல கோவம், நான் வேணாம்னு விட்டுடுச்சுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நாலு வாரமா அம்மா பார்க்க வந்தப்ப நான் வெளியவே போகலை.”

பெரியோர்களே, காவலில் ஒரு நாள் கூடினால் நாள்காட்டியில் ஒரு தாள் கிழிகிறது என்றுதான் முப்பத்தொரு ஆண்டு நினைத்திருந்தேன். ஒரு தாயையும் மகளையும் கிழிக்கும் என்று எந்தச் சட்டப் புத்தகம் எனக்குச் சொன்னது? எல்லோரும் சரியாகச் செய்தோம். எல்லோரும் சரியாகச் செய்தால் தப்பு எங்கிருந்து வந்தது? அதுதான் என் குழப்பம். ஒன்று மட்டும் கேட்கிறேன். பட்டியலை அல்ல, பிள்ளையைப் பாருங்கள். நீதிமன்றங்களே, எண்ணிப் பாருங்கள், எழுந்து போய்ப் பாருங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். விடுதலை என்று எழுதிய கை, கதவு திறந்ததா என்று தொட்டுப் பார்க்கட்டும்.

அன்று மாலையே சலவைக்கடைக்கு ஆள் அனுப்பித் தாயை இல்லத்துக்கு வரவழைத்தோம். தாயும் மகளும் எதிரெதிரே நின்றார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நீதிமன்றத்திலிருந்து எடுத்து வந்த கோப்பின் முடிச்சை அவிழ்த்து, திரும்பி வந்த தபாலைப் பிரிக்காமலே அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டிய பசை அப்படியே இருந்தது.

“உனக்கு வரவே இல்லையாம்மா?” என்றாள்.

“வரலடி” என்றார் தாய்.

இவ்வளவு நேரம் ஒரு குழம்பியவனின் குரலுக்குக் காது கொடுத்த உங்கள் பொறுமைக்கு நன்றி கூறி, பிள்ளைகளை நேரில் போய்ப் பார்க்கும் கண்களுக்கெல்லாம் தலை தாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.