ஆணியில் தொங்கிய தகடு

இந்தச் சங்கத்தின் பதிவேட்டில் ஒரு பொய் இருக்கிறது. எழுதியவர்கள் நீங்கள். நாற்பது ஆண்டுகளாகப் பூட்டிவைத்துக் காப்பவர்களும் நீங்கள்.

வணக்கம் சொல்லுமுன் குற்றம் சொல்கிறானே என்று முகம் சுளிக்க வேண்டாம். இதோ வணக்கம். முன்னாள் படைவீரர் சங்கத்தின் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என் கையிலிருக்கும் தாளையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, குண்டடி பட்ட காலோடு படியேறி வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையைக் களத்துக்குக் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்ட தாய்மார்களே, உயிர்நீத்தோர் குடும்பத்துக்கான முன்வரிசையில் இடமில்லாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் என் அம்மாவே, அனைவருக்கும் வணக்கம்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலைக்குப் போன நாட்டில், உங்கள் படைப்பிரிவு போரிட்ட இடத்தில் ஒரு போர்க் கல்லறை இருக்கிறது. அதைப் பார்த்துவந்தேன் என்பதால் அழைத்தீர்கள். செயலாளர் தனியாக ஒரு யோசனையும் சொன்னார்: "கல்லறை எவ்வளவு சுத்தமா இருந்துச்சுன்னு மட்டும் பேசுப்பா."

சுத்தமாக இருந்தது ஐயா. புல் ஒரே மட்டம். கல் ஒரே உயரம். தளபதிக்கும் அதே கல், தண்ணீர் சுமந்தவனுக்கும் அதே கல். கடைசி வரிசையில் ஒரு கல்லில் இவ்வளவுதான் எழுதியிருந்தது: சமையல்காரர், பெயர் தெரியவில்லை.

என் மாமா, அம்மாவின் அண்ணன், அந்தப் போரில் சமையல்காரர். உங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே என்ன இருக்கிறது? கழுத்தில் கிடந்த அடையாளத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போனவர். அந்த ஒரு வரிக்காக அம்மாவுக்கு வந்த வரன் இரண்டு முறை வாசலோடு திரும்பியது. ஓடியவன் தங்கையை யார் எடுப்பார்கள்?

கல்லறையைப் பராமரிக்கும் அம்மாள் செடி வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன். "பேர் இல்லாத கல்லுக்கும் ஒரு தாள் இருக்குப்பா" என்று இரும்பு அலமாரியைத் திறந்தார். படித்தார். இடிந்த சமையற்கூடத்தின் பின்சுவருக்கு அடியில், செங்கல் அள்ளியபோது கிடைத்த உடல். வலது கையில் நீளக் கரண்டி. கழுத்தில் தகடு இல்லை. இடது சுண்டுவிரலில் மேல்கணு இல்லை.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். "மாமாவுக்கு எந்த விரல்மா குறை?"

"இடது சுண்டுவிரல். சின்னதுல கதவிடுக்குல என் கை மாட்டப் போச்சு, அவன் கையைக் கொடுத்தான். ஏண்டா கேக்குற? கிடைச்சுட்டானா?"

நாற்பது வருடம் கழித்துக் கேட்கிறாள், கிடைச்சுட்டானா என்று! போனோடு அந்தக் கல்லிடம் நடந்தேன். கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

அப்படியானால் தகடு ஏன் கழுத்தில் இல்லை? ஊர் திரும்பியதும் மாமா இருந்த படையில் வண்டி ஓட்டிய டிரைவர் ஐயாவைப் போய்க் கேட்டேன். இதோ, தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். சிரித்துவிட்டார்.

"அட போடா, அடுப்படியில எவன் தகட்டைக் கழுத்துல போடுவான்? நெஞ்சு வெந்துடும். வாசல் ஆணியில மாட்டிட்டுத்தான் அடுப்புக்கே போவாங்க, எல்லா சமையல்காரனும்."

"இத ஏன் ஐயா இத்தனை நாளா சொல்லல?"

"தகட்டை வச்சுத்தான் ஓடினான்னு எழுதினாங்கன்னு எனக்கு எப்படிடா தெரியும்? நான் அப்ப வேற முகாம். என்னை எவன் கேட்டான்?"

எவன் கேட்டான்! குண்டு விழுந்தது. பின்சுவர் சரிந்தது. வாசல் சுவர் நின்றது, ஆணியும் நின்றது. படை பின்வாங்கியபோது பாத்திரங்களோடு தகடும் வந்தது, ஆள் வரவில்லை. படை பசித்திருக்கக் கூடாது என்று பற்றவைத்த அடுப்பின் பக்கத்தில் செத்தவனை, பதவியில் இருந்தவர்கள் ஒரு பேனாவால் ஓடவிட்டார்கள். சுடத் தெரிந்தவன் செத்தால் தியாகி, சோறாக்கியவன் செத்தால் சந்தேகமா?

கைதட்டாதீர்கள். தட்டினால் செயலாளருக்குக் கூட்டம் நல்லபடி முடிந்ததாகத் தோன்றும்.

யாரோ "உட்காருப்பா" என்கிறார்கள். உட்காருகிறேன் ஐயா. நாற்பது வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து பழகிய குடும்பம்தான்.

அந்தக் கல்லில் பெயர் வெட்ட என்ன வேண்டும்? அவர் இருந்த படைப்பிரிவின் சங்கம், அதாவது நீங்கள், ஒரு கடிதம் தர வேண்டும். அவ்வளவுதான். ஆறு வாரத்தில் வெட்டிவிடுவோம் என்றார் அந்த அம்மாள். மூன்று மாதத்துக்கு முன் தாளின் நகலைச் சங்கத்தில் கொடுத்தேன். டிரைவர் ஐயா வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். கிடைத்த பதில்: "இப்பத் திருத்தினா, தம்பி, அப்ப நாங்க தப்புன்னு ஆகிடும்ல?"

ஆகும். ஆகட்டும். தப்பு செய்தவர்கள் தப்பு என்று ஆவதில் யாருக்கு என்ன நட்டம்? செத்தவன் கோழையாகவே கிடக்க வேண்டும், உயிரோடு இருப்பவர்கள் கூச்சப்படக் கூடாது என்பதற்காகவா?

இவ்வளவு பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. நாற்காலி போட்டவர்களுக்கும் மைக் கட்டியவர்களுக்கும் நன்றி, வணக்கம். தலைவர் அவர்களே, உங்களுக்கு மட்டும் நன்றியைப் பாக்கி வைக்கிறேன். கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருக்கிறேன். அம்மா எழுந்து நிற்கிறாள், பாருங்கள். ஒரு கையெழுத்து. இங்கே, இத்தனை பேர் முன்னால். போடுவீர்களா?

மைக்கை உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறேன். ஐயா, போடுவீர்களா?